சனீஸ்வரனும் சனிக்கோளும்

விண்வெளிக் கண்காட்சியைப் பார்த்துத் திரும்பும் சைவக் குடும்பத்துப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். புரட்டாசிச் சனியில் எள்ளெண்ணெய் எரித்துக் கும்பிட்ட சனீஸ்வரனும் கண்காட்சியில் வளையத்தோடு தொங்கிய சனியும் ஒருவர்தானா? ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் இதை ஒளிக்காமல் கேட்டுவிடுவார்கள். திருக்கோணமலைப் பக்கத்துத் தம்பலகாமம் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அங்கிருந்து காப்பாற்றப்பட்ட வழிபாட்டின் தொடர்ச்சியாகவே இவ்வூர் ஆதிகோணேஸ்வரக் கோயிலை மக்கள் போற்றுகிறார்கள். இழந்து காத்த சமயத்தை ஒரு கண்காட்சி அசைத்துவிடுமோ என்று பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கத்துக்கு வரலாறும் உண்டு. ஈழத்தமிழரிடம் நவீன வானியல் சமய வாதத்தின் ஆயுதமாகவே வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் பாடமாக இருந்தது. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரியின் கணிப்பும் வேறுபட்டன. செமினரியின் கணிப்பே சரியென்று கண்டதும், புராணங்களும் பொய், ஆகவே சமயமும் பொய் என்ற முடிவை மிஷனரிமார் அதிலிருந்து இழுக்க முயன்றார்கள். கணக்கில் நேர்ந்த பிழையைக் கொண்டு கடவுளைத் தீர்ப்பிட்ட அந்தத் தாவல் நியாயமற்றது. ஆனாலும் 'அறிவியல் படித்தால் பக்தி போய்விடும்' என்ற அச்சம் அன்று விழுந்த நிழலாய் இன்னும் நீடிக்கிறது.

உண்மையில் சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியைக் கையாளத் தன்னிடமே கருவி வைத்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பொருள்களைப் பேசுமுன் அறியும் வழிகளைப் பேசுகிறது: காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்). ஒன்றை எப்படி அறிந்தோம் என்று கேட்ட பிறகே அது உண்மையா என்று கேட்கும் ஒழுங்கு அது. கண்காட்சிக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

தொட்டுப் பார்க்கும் கண்காட்சி முழுவதும் காண்டல் என்று தோன்றும். அப்படியல்ல. சந்திரனில் எடை காட்டும் தராசில் பதினெட்டு கிலோப் பிள்ளை ஏறி நிற்கிறது. முள் மூன்றில் நிற்கிறது. பிள்ளை துள்ளிக் குதிக்கிறது. அது சந்திரனின் ஈர்ப்பை உணரவில்லை. ஆறால் வகுத்த கணக்கொன்றை நம்பியிருக்கிறது. அது உரை. கோள்களின் மாதிரியும் அப்படித்தான், அதில் தூரங்கள் பொய்யாகவே காட்டப்படுகின்றன. சூரியனை ஒரு மீற்றர் பந்தாகக் கோயில் வாசலில் வைத்தால், பூமி ஒன்பது மில்லிமீற்றர் மணியாக நூற்றேழு மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். எட்டு சென்ரிமீற்றர் சனி, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே ஒரு கிலோமீற்றரில் நிற்கும். கொழும்பில் 1965இல் கட்டிய கோளரங்கத்துக்கும் அடங்காத தூரம் தம்பலகாமத்து வரம்புகளில் அடங்கிவிடும். ஆசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதையும் வயலுக்கு அழைத்து இதை நடந்து காட்டினால், அந்தக் கணக்கைப் பிள்ளைகள் தங்கள் கால்களாலேயே அறிவார்கள்.

இனி மூலக் கேள்வி. சித்தாந்தத்தில் உலகப் பொருள்கள் அனைத்தும் மாயை என்ற மூலப்பொருளின் காரியம், சிவம் அப்படியன்று. சனி பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் சேர்ந்த கோள் என்பதால் சைவனுக்கு இழப்பு எதுவும் இல்லை. நவக்கிரகம் இன்றைய கோள்களின் பட்டியலும் அன்று. அதில் பூமி இல்லை. சூரியன், சந்திரன் உண்டு. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப்பாதையை வெட்டும் இரு புள்ளிகளான ராகு, கேது உண்டு. பூமியில் நின்று வானத்தை நோக்கியவர்களின் எண்ணிக்கை அது. பிள்ளையிடம் 'அந்தச் சனி வானத்தில் சுற்றும் கோள். கோயிலில் நாம் கும்பிடுவது கடவுளின் ஆணையை நினைத்து' என்று சொன்னால் போதும். இரண்டும் ஒன்றேயென்று மழுப்புவதும், கோயிலில் உள்ளது பொய்யென்று கேலி செய்வதும் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

ஆனால் சமயத்தின் பேரால் பொருளுலகைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகள் காண்டலுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். கிரகணம் நிழல் என்று ஆரியபட்டர் 499இலேயே விளக்கினார். 2019 டிசம்பர் 26இல் யாழ்ப்பாணப் பக்கத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்தபோதும் பல வீடுகளில் பிள்ளைகள் உள்ளேயே இருத்தப்பட்டனர். கிரகண வேளையில் கோயில் நடை சாத்துவது வழிபாட்டு ஒழுங்கு, அது இருக்கட்டும். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்பதும் உண்மை. ஆனால் கிரகணத்தால் உணவு நஞ்சாகும், கருவிலுள்ள குழந்தை ஊனமாகும் என்பவற்றுக்கு ஆதாரம் இல்லை.

சமயமும் விண்ணும் பகையின்றி நின்ற இடங்களும் உண்டு. கேரளத்துத் தும்பாவில் 1963இல் இந்தியாவிலிருந்து முதல் ஆராய்ச்சி ரொக்கெற் ஏவப்பட்டபோது புனித மரிய மக்தலேனா தேவாலயமே அலுவலகமாயிருந்தது. மீனவ மக்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள். அதே கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். செய்மதித் தொடர்பை 1945இலேயே முன்மொழிந்த ஆதர் சி. கிளார்க்தான் 1956இல் திருக்கோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களுள் ஒருவர்.

2031 மே 21இல் தென்னிந்தியா, வட இலங்கை வழியே மறுபடியும் வளையக் கிரகணம் வருகிறது. இன்று ஐந்து, ஆறு வயதிலுள்ள பிள்ளைகள் அப்போது விவரம் அறிந்தவர்களாக இருப்பார்கள். அன்று அவர்களைக் கதவுக்குள் அடைக்காமல், ஊசித்துளை அட்டையோடு முற்றத்துக்கு அனுப்புங்கள்; நடை திறந்ததும் கோயிலுக்கும் கூட்டிச் செல்லுங்கள்.