செய்தி வெள்ளமும் சிந்தனை மதகும்

அறியாமை இருவகைப்படும். ஏடு கிடைக்காததால் விளையும் அறியாமை ஒன்று; ஏடுகள் மலையெனக் குவிந்து, எதை எடுப்பது, எதை விடுப்பது என்று புரியாததால் விளையும் அறியாமை மற்றொன்று. முன்னதை நாம் நன்கறிவோம். எழுத்து ஒரு சிலரின் தனியுடைமையாய் இருந்த நாட்களையும், படிக்க முனைந்தவன் பழிக்கப்பட்ட நாட்களையும் நம் முன்னோர் கண்ணீரோடு கடந்து வந்தனர். பின்னதையோ, அறியாமை என்றே நாம் இன்னும் உணரவில்லை. அறிவு என்று எண்ணி அகமகிழ்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

இன்றைய இளைஞனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விழித்ததும் அவன் கை தேடுவது கைப்பேசியை. இரவு முழுவதும் வந்து குவிந்த வாட்ஸ்அப் செய்திகள் ஒருபுறம், திறக்கப்படாத மின்னஞ்சல்கள் ஒருபுறம், முகநூலிலே மூண்டெழுந்த சண்டை ஒருபுறம். பள்ளித் தோழர் குழு, அலுவலகக் குழு, உறவினர் குழு, தெருக் குழு, கட்சிக் குழு — இத்தனை குழுக்களிலும் அவன் உறுப்பினன். எல்லாவற்றையும் பார்க்கிறான், எதையும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பதிலளிக்கிறான், எதையும் எண்ணுவதில்லை. மாலையிலே, "இன்று என்ன தெரிந்து கொண்டாய்?" என்று கேட்டால் விழிக்கிறான். பகலெல்லாம் விருந்துண்டவன், பசியோடு படுக்கைக்குச் செல்வதைப் போன்ற விந்தை இது!

இது ஏதோ வசதி படைத்தோரின் வருத்தம், நமக்கென்ன என்று கேட்பாருண்டு. கேட்பவர்கள் முடிச்சூர் வரை நம்மோடு வரட்டும்.

தாம்பரத்தை அடுத்துள்ள முடிச்சூர், அடையாற்றின் கரையில் உள்ள ஊர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், தாம்பரத்திலே 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் நின்றன. மாடி உள்ளோர் மாடிக்கு ஏறினர். இல்லாதோர் ஏற இடம் தேடினர். தெருவிலே படகு ஓடிற்று. மின்சாரம் இல்லை. கைப்பேசியிலே உயிர் எஞ்சியிருந்த சில மணித்துளிகளும் பொன்னினும் அரியவை.

அந்த அரிய மணித்துளிகளிலே வந்து சேர்ந்தவை யாவை? முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நகருக்குள் நீந்தி வருகின்றன என்றொரு செய்தி. அமெரிக்காவின் நாசா நிறுவனமே எச்சரித்துவிட்டது, இதுவரை காணாத பெருமழை இனிமேல்தான் வரப்போகிறது என்று மற்றொரு செய்தி. இரண்டும் பொய்! முதலைப் பண்ணையார் மறுத்தனர். வானிலைத் துறையினர் மறுத்தனர். ஆனால், பொய் ஓடிய வேகத்திலே மறுப்பு ஓடவில்லை. ஊரை நீர் சூழ்ந்தது போதாதென்று, உள்ளத்தை அச்சம் சூழ்ந்தது.

உண்மையை மறைத்தல் நமக்கு அழகல்ல. ஆகவே மறுபக்கத்தையும் கூறிடல் வேண்டும். அதே நாட்களிலே, அதே கருவிகளைக் கொண்டுதான் ஆயிரமாயிரம் இளைஞர்கள் அரும்பணி ஆற்றினர். எங்கே உணவு வேண்டும், எங்கே படகு வேண்டும், எந்த வீட்டிலே கருவுற்ற பெண் இருக்கிறாள் என்று பட்டியல் எழுதினர். தொலைபேசியில் அழைத்து, "செய்தி மெய்தானா? இன்னும் உதவி தேவையா?" என்று கேட்டுச் சரிபார்த்தனர். முடிந்த வேண்டுகோளுக்கு முடிந்தது என்று குறியிட்டனர். அப்படிக் குறியிடாது விடப்பட்ட வேண்டுகோள்களோ, மக்கள் மீட்கப்பட்ட பின்னரும் கை மாறிக் கை மாறிச் சுற்றிக்கொண்டேயிருந்தன. முன்னதிலே செய்தி படகாயிற்று. பின்னதிலே செய்தி பாசியாயிற்று. கருவி ஒன்றே, வேறுபாடு எங்கே? ஒருவர் கேட்டுச் சொன்னார். மற்றவர் கேட்டதைச் சொன்னார். அவ்வளவுதான்!

இன்னொன்றும் எண்ணிடத் தக்கது. முடிச்சூரை மூழ்கடித்தது எது? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் என்று அன்று சொன்னவர் பலர், இன்றும் சொல்பவருண்டு. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. கீழே இருந்த பகுதிகள் அதனால் அல்லலுற்றன. அது பற்றிய வினாக்கள் நியாயமானவை. வெள்ள மேலாண்மையின் குறைகளை 2018இல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கையும் கடுமையாகச் சுட்டிற்று. ஆனால், செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றைச் சந்திப்பது திருநீர்மலைக்கு அருகிலே. முடிச்சூரோ அதற்கு மேலே இருக்கிறது! ஆறு கீழ்நோக்கி ஓடுமேயன்றி மேல்நோக்கி ஓடுமா? முடிச்சூருக்கு வந்தது, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், அங்கேயே பெய்த மழையும். செல்லும் வழியெல்லாம் குறுகியும் அடைபட்டும் கிடந்ததால், அது ஊருக்குள் புகுந்தது. ஒரு வரைபடத்தை விரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம்! நூறு செய்திகளைப் படிக்க நேரம் இருந்தது. அந்த ஐந்து நிமிடம் இல்லை. காரணத்தைத் தவறாக அறிந்தவன் பரிகாரத்தையும் தவறான இடத்திலேதான் தேடுவான். மேற்புறத்துக் கால்வாய்களைப் பற்றிக் கேட்க வேண்டியவன், தொலைவிலுள்ள ஏரியைத் திட்டிவிட்டு உறங்கப் போகிறான்.

நேரம் வீணாவதோடு தீங்கு நின்றுவிடுமா? நில்லாது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவிலே நிறுத்துங்கள். பிள்ளை பிடிப்போர் ஊர் ஊராய் வருகின்றனர் என்று வாட்ஸ்அப்பிலே வதந்தி. சென்னையிலிருந்து உறவினரோடு போளூர்ப் பக்கம் கோயிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவர், வழியிலே குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அன்பு அங்கே குற்றமாயிற்று! கூட்டம் கூடிற்று, அடித்தே கொன்றது. அதே நாட்களிலே பழவேற்காட்டில் வீடற்ற மனிதர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டு, பாலத்திலே தொங்கவிடப்பட்டார். அவ்வாண்டு நாடெங்கும் சுற்றிய பிள்ளை கடத்தல் படங்களுள் ஒன்று எது தெரியுமா? குழந்தைகளைக் கவனமாகப் பாதுகாத்திட வேண்டும் என்று எடுத்துரைக்க, கராச்சி நகரிலே எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! அறிவுரை கூறும் கடைசிப் பகுதியை எவனோ வெட்டியெறிந்தான். எஞ்சியதை எண்ணற்றோர் அனுப்பினர். வெட்டியவன் ஒருவன், அனுப்பியோர் எத்தனை பேர்? அவர்கள் கைகளிலே கறை இல்லையா? "நான் அடிக்கவில்லை, அனுப்பினேன்" என்று கூறினால் நீதி தலையசைக்குமா? அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவிலே ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனமே வரம்பு விதித்தது. கடைக்காரனே, "போதும், இனிக் கொடேன்" என்று சொல்லும் அளவுக்கு நாம் குடித்திருக்கிறோம்!

பகுத்தறிவு பேசும் நாம் சினமுறும் முன், ஒரு பழைய அஞ்சலட்டையை நினைத்துப் பார்ப்பது நன்று. "இதைப் படித்ததும் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பு; அனுப்பினால் செல்வம் வரும், தவறினால் தீங்கு வரும்" என்று வந்த அட்டையைக் கண்டு நாம் எள்ளி நகையாடினோம். இன்று அந்த அட்டை கண்ணாடித் திரையிலே வருகிறது. "உண்மைத் தமிழனாக இருந்தால் பகிர்" என்கிறது. சாமியின் பெயரால் வந்தால் சிரிக்கும் நாம், இனத்தின் பெயரால் வந்தால், மொழியின் பெயரால் வந்தால், ஏன், பகுத்தறிவின் பெயராலேயே வந்தால் என்ன செய்கிறோம்? ஆராயாது அனுப்புகிறோம்! நமக்குப் பிடித்ததைச் சொல்வதால் ஒன்று மெய்யாகிவிடுமானால், மூடநம்பிக்கைக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

இந்த நோயை முன்னரே கண்டவருண்டு. 1971இல் ரே டாம்லின்சன் எனும் அமெரிக்கப் பொறியாளர், வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அதே 1971இல் வெளியான கட்டுரையிலே, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் எனும் பேரறிஞர் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார்: செய்தி பெருகினால், அது தின்றுவிடும் பொருளாகிய மனிதனின் கவனம் அருகிவிடும். உணவு பெருகினால் பசி குறைவது போன்றதல்ல இது. ஆடு பெருகினால் புல் குறைவது போன்றது. அந்தப் புல்வெளியைத்தான் இன்று பெருநிறுவனங்கள் ஏலம் விடுகின்றன. காசு வாங்காமல் நமக்குக் களம் தருகின்றனரே, அவர்கள் வள்ளல்களா? இல்லை. நம் கண் எவ்வளவு நேரம் திரையிலே நிற்கிறதோ, அவ்வளவுக்கு விளம்பரம் விற்கும். நமது சினமும் அங்கே சரக்கு. நமது அச்சமும் அங்கே சரக்கு.

"அப்படியானால் படிக்காதே, கேட்காதே என்கிறீர்களா? எளியவன் காதைப் பொத்திய பழைய கொடுமையைப் புதிய பெயரிலே கொண்டு வருகிறீர்களா?" என்று ஓர் இளைஞர் கேட்கலாம். கேட்டிடல் வேண்டும்! நமது விடை இது: கதவைப் பிறன் பூட்டினால் அது சிறை, நாமே தாழிட்டால் அது வீடு. எதைப் படிப்பது என்று முன்பு பிறர் முடிவு செய்தனர், அது அடிமைத்தனம். இன்றும், அடுத்து எதைக் காட்டுவது என்று நிறுவனத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. அது மட்டும் விடுதலையா? படிக்கும் உரிமையோடு, மறுக்கும் உரிமையும் சேர்ந்ததே விடுதலை.

வள்ளுவர் வைத்த வரிசையைப் பாருங்கள். கேள்வி என்று ஓர் அதிகாரம். அதற்கு அடுத்ததாகவே அறிவுடைமை. கேட்பதோடு நிறுத்தவில்லை, கேட்டதை ஆராய்வதற்குத் தனி இடம் வகுத்தார். நம் காலத்திலே சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பேற்று, 1931இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். படிப்பவரின் நேரத்தைக் காத்திட வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. நூலைக் குவிப்பவர் நூலகர் அல்லர். வேண்டுவோர்க்கு வேண்டியதை விரைந்து எடுத்துத் தருபவரே நூலகர். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு நூலகம் இருக்கிறது, நூலகர்தான் இல்லை. அந்த வேலையை நாமே ஏற்றிடல் வேண்டும்.

எவ்வாறு? ஏரி கட்டியவன் நமக்கு ஆசான். வரத்துக் கால்வாய் வெட்டினான். அளந்து விட மதகு வைத்தான். மிஞ்சியது கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல் அமைத்தான். இம்மூன்றும் உள்ளத்துக்கும் தேவை. மின்னஞ்சலையும் குழுச் செய்திகளையும் பார்க்க, நாளுக்கு இரண்டு வேளையைக் குறித்துக் கொள்வோம், அது மதகு. பயனற்ற குழுவிலிருந்து தயங்காமல் விலகுவோம், விலக முடியாததன் ஓசையை அடக்கி வைப்போம், அது கலங்கல். வருவது எங்கிருந்து வருகிறது என்று கேட்போம்: நாள் என்ன, இடம் எது, சொன்னவர் யார்? மூன்றுக்கும் விடையில்லாத செய்தி, முகவரியற்ற கடிதம். அதை நம் வாசலோடு நிறுத்துவோம்.

பொதுக்கூட்டம் கண்ட நமக்கு மற்றொன்றும் எளிதிலே விளங்கும். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிவார்; மற்றொருவர் வழிமொழிவார். படிக்காத தீர்மானத்தை வழிமொழிவோமா? மாட்டோம். ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்புவதும் வழிமொழிதலே! "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பது விடையாகாது. நம் பெயர் அதன் கீழே இருக்கிறது.

இறுதியாக, செயல்வீரர்க்கு ஒரு சொல். நாளெல்லாம் கொதித்து எழுதியவன், கடமை முடித்தோம் என்று கருதுகிறான். அது செயலின் நிழல், செயலல்ல. அடைபட்ட கால்வாயின் படத்தை ஆயிரம் பேர் பகிரலாம். கால்வாயிலே ஒரு கூடை மண் குறையுமா? ஊராட்சிகளிலே கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே எழுந்து கேட்பவர் எத்தனை பேர்? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதினால், முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டிய கடமை அரசு அலுவலகத்துக்கு உண்டு. கால்வாய் எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டுப் பெறும் ஒரு பக்க விடை, வாட்ஸ்அப்பிலே வரும் பத்தாயிரம் பக்கத்தினும் பெரிது. ஏனெனில் அது, நாம் தேடிச் சென்று பெற்ற செய்தி. நம்மைத் தேடி வந்து நம்மைப் பெற்றுக்கொண்ட செய்தியல்ல!

மழைக்காலம் ஆண்டுதோறும் வரும். அடையாறு நிரம்பும், கைப்பேசிகளும் நிரம்பும். ஆற்றுக்குக் கரை கட்ட அரசை வலியுறுத்துவோம். அறிவுக்குக் கரை கட்ட வேறு எவரையும் எதிர்பார்த்திடல் வேண்டாம். அது நமது பணி, இன்றே தொடங்கும் பணி!