பந்தியில் என் இலை

கறி சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன் என்றால் எங்கள் திருமங்கலம் பக்கத்தில் முதலில் வருகிற கேள்வி, “எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கீங்க?” என்பதுதான். சபரிமலைக்கு ஒரு மண்டலம், புரட்டாசிச் சனி, அமாவாசை என்று நாள் கணக்கில் விரதம் இருப்பது எல்லாருக்கும் பழக்கம். முடிகிற தேதி இல்லாத விரதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. அதில் வியப்பும் இல்லை. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். எங்களுக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவில் பிரசாதமே பிரியாணிதான். அந்தச் சாமியின் பெயரில்தான் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடக்கிறது.

நான் கறியை விட்டதற்கு எந்தச் சாமியாரும் காரணம் இல்லை. கிடாவெட்டுதான் காரணம். கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாமி முன்னால் நிறுத்துவார்கள். உடனே வெட்டிவிட மாட்டார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாவும் சம்மதித்துவிட்டது என்று பொருள். சில சமயம் அது அசையாமல் நிற்கும். இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். மேளம் நின்றுவிடும். “என்ன குறை வச்சோம், சொல்லு சாமி” என்று பெரியவர்கள் மன்றாடுவார்கள். அரிவாள் பிடித்தவர் அதுவரை கையை ஓங்க மாட்டார். ஓர் உயிரை எடுக்கும் முன்னால் அதனிடம் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கறி தின்கிற என் சனங்கள்தான். சென்னைக்கு வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்து நின்றது. அங்கே எந்த ஆட்டிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊரில் கேட்டார்களே, அதுவும் போதுமா என்று பிறகு தோன்றியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தானே செய்யும்? அதற்குப் பிறகு சாப்பிட மனம் வரவில்லை.

இப்படிச் சொல்வதால் நான் பலித்தடையின் பக்கம் என்று நினைக்க வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைக் கையில் எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று 2003-இல் அரசு கெடுபிடி செய்தது. எதிர்ப்பு வலுத்து, 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அந்தக் கெடுபிடி அநியாயம் என்றே இன்றும் சொல்வேன். கறிக்கடையும் ஓட்டலும் வழக்கம்போல் நடக்க, கேட்டுவிட்டு வெட்டுகிறவனை மட்டும் அது குற்றவாளி ஆக்கியது.

சென்னையில் வீடு தேடியபோதுதான் இந்த விஷயத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. “நான் கறி சாப்பிடுவதில்லை” என்றதும் ஒரு வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. ஊரையும் பேரையும் விசாரித்துவிட்டு, “உங்கள்ல இப்படி ஒருத்தர் இருக்கிறது பெரிய விஷயம் சார்” என்றார். என் அம்மா வந்தால் கருவாடு வறுப்பார் என்றேன். அந்த வீடு எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நான் விட்டது கறியை. அவர் அதை என் சாதியிலிருந்து நான் ஏறிவந்த படியாக எடுத்துக்கொண்டார். அந்தப் பாராட்டு என் வீட்டு மனிதர்கள் அத்தனை பேர்மீதும் விழுகிற அடி.

இதனால்தான் அம்மா எனக்கென்று தனிச்சட்டியும் தனிக்கரண்டியும் வாங்கி வைத்தபோது வேண்டாம் என்றேன். ரசத்தை எதில் வேண்டுமானாலும் வையுங்கள், எந்தக் கரண்டியில் வேண்டுமானாலும் ஊற்றுங்கள். தீட்டுப் பார்த்து நான் எதையும் விடவில்லை. சுத்தம் பேச எனக்குத் தகுதியும் இல்லை. செடிகொடியில் கிடைக்காத பி12 சத்துக்குப் பாலையும் தயிரையும் நம்பியிருக்கிறேன். கறவை நின்ற மாடுகள் சந்தை வழியாக அடிமாடாகக் கேரளத்துக்கு லாரி ஏறுவதை அறிந்தேதான் அந்தத் தயிரைப் பிசைந்து சாப்பிடுகிறேன்.

வள்ளலாரை நான் மிகவும் மதிக்கிறேன். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தால் கறி சாப்பிடுகிறவர்களுக்கும் சோறு போடச் சொன்னவர் அவர். ஆனாலும் அவர்களைப் புறவினத்தார் என்று பிரித்தார். அந்த இடத்தில் மட்டும் என்னால் அவர் பின்னால் போக முடியவில்லை. எனக்குச் சோறூட்டிய கையை எப்படிப் புறத்தே வைப்பது? கண்ணப்பர் ஊட்டிய பன்றிக்கறியைச் சிவன் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிற மரபும் இங்கே இருக்கிறது.

ஆகவே பந்தியை நான் விடவில்லை. என் இலையில் சோறும் ரசமும் விழும். பக்கத்து இலையில் நல்லி எலும்பு தட்டுகிற சத்தம் கேட்கும். சித்தப்பா பழக்கத்தில் என் பக்கம் ஈரல் துண்டை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொள்வார். அந்த இழுப்பில் இருக்கிற சங்கடம் என்னால் வந்தது. அதை ஈடுகட்ட எனக்கு வழி தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வருகிற மாசியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரில் கிடா வர வேண்டும். “அண்ணே, கிடா இல்லாம நான் சபையில எப்படி நிக்கிறது?” என்கிறாள். அவள் கேட்பது நியாயம். கிடா வராவிட்டால் அண்ணன் தங்கைக்குள் மனஸ்தாபம் என்றுதான் ஊர் பேசும். தோடு, பட்டுப்பாவாடை, தட்டு வரிசை எல்லாம் என் செலவு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் நானே, கிடா மட்டும் சித்தப்பா மகன் பேரில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். யார் பேரில் வந்தாலும் வெட்டப்படப் போவது ஓர் உயிர்தான், அது எனக்குத் தெரியும். அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.