ஏல லாபம் எங்கிருந்து வருகிறது

ஏலத்தில் ஒரு பொருளை எடுத்து, அதில் ஒரு வேலையும் செய்யாமல், கூடுதல் விலைக்கு மறுபடி விற்றால் வரும் லாபம் நியாயமானதா என்பது பழைய கேள்வி. இணைய விளையாட்டுகளின் ஏலக்கூடங்கள் அதைப் புதிதாகக் கிளப்பிவிட்டிருக்கின்றன. 2004-இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் வாளையும் மூலிகையையும் மலிவாகப் பிடித்து, விலை ஏற்றிப் போடுவதையே முழுநேர ஆட்டமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அரக்கர்களைக் கொல்வதில் அவர்களுக்கு நாட்டமில்லை. உழைக்காமல் வந்த காசு என்று இதை ஒதுக்குவது சுலபம். அப்படி ஒதுக்கினால், கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கும் பெண்ணையும் சேர்த்து ஒதுக்க வேண்டிவரும்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் அரசலாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியது. படகு கரை சேர்ந்ததும் மீனை வகை பிரித்துக் குவியலாகக் கொட்டுவார்கள். ஏலம் விடுபவர் ஒரு விலை சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்பவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள். கேட்பு நின்ற இடத்தில் குவியல் கைமாறும். ஐஸ் கரைந்துகொண்டிருப்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. எடுத்தவர் வெளியூருக்கு லாரி ஏற்றும் வியாபாரியாக இருக்கலாம், கூடையோடு ஊர் ஊராகப் போகும் பெண்ணாகவும் இருக்கலாம். தனியாக எடுக்கக் கட்டாத குவியலை இரண்டு மூன்று பெண்கள் கூட்டாக எடுத்துப் பங்கு வைத்துக்கொள்வதும் உண்டு. காலையில் குவியலில் கிடந்த சங்கராதான் பகலில் அம்பகரத்தூர் வீட்டு வாசலில் விற்கிறது. மீன் மாறவில்லை, விலை மட்டும் கூடியிருக்கிறது. அந்தக் கூடுதலில் பஸ் கட்டணம் இருக்கிறது, வெயிலில் நடந்த நடை இருக்கிறது, மிஞ்சினால் உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டுமே என்ற பயத்துக்கான ஈடும் இருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் குறை சொல்வதில்லை.

குறை தொடங்கும் இடம் வேறு. படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிடித்த மீனைத் தன் வழியாகவே விற்க வேண்டும் என்று வியாபாரி கட்டிப்போடுவது தமிழ்க் கடற்கரை நெடுகிலும் தெரிந்த வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் நிற்கும். வலைக்கும் எஞ்சினுக்கும் செலவு மட்டும் வரும். கட்டு இறுகுவது அப்போதுதான். கேட்பவர் நாலு பேர் நின்றாலும் ஏலம் பிறகு பெயரளவுக்கே நடக்கும். அந்த லாபம் மீனிலிருந்து வரவில்லை, கடனிலிருந்து வருகிறது. ஆகவே லாபம் எவ்வளவு, அதற்குப் பட்ட பாடு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கேள்விக்கு உதவும்.

ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட காரைக்கால் அம்மையாரின் கதையில் இதே கேள்வியைக் கேட்பவன் ஒரு வணிகன். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, பரமதத்தன் தன்னிடம் வந்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பின்னாளில் அம்மையாராகும் அவன் மனைவி புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டியதும் கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. தின்று பார்த்த பரமதத்தன் ருசி வேறாக இருப்பதை அறிந்து, இது ஏது என்று விசாரிக்கிறான். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழம் இறைக்கும் கூட்டம் பரமதத்தனைக் கொண்டாடுவதில்லை, அது சரிதான். ஆனாலும் கணக்கில் இல்லாத சரக்கு கைக்கு வந்ததும் அதன் மூலத்தைக் கேட்டானே, அது நல்ல வணிகனின் பழக்கம்.

கடல் வணிகத்தில் ஊறிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் காரைக்கால் ஊர். அவர்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டம் ஏலத்தைத் தடுக்கவில்லை. ஓர் ஏழையின் விரிப்பையும் கோப்பையையும் நபிகள் நாயகம் தாமே ஏலம் விட்டு, ஒரு திர்ஹம் கேட்டவரை விட்டு இரண்டு திர்ஹம் கேட்டவருக்குக் கொடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. தடுக்கப்பட்டவை சில குறிப்பிட்ட வழிகள்: வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பது, சந்தை விலை தெரியாமல் சரக்கோடு வருபவரை வழியிலேயே மடக்கி வாங்குவது, நீரில் நீந்தும் மீனை விற்பதுபோல், கைக்கு வராத சரக்கை விற்பது. முதலாவதில் லாபம் பொய்யிலிருந்து வருகிறது, இரண்டாவதில் விற்பவரின் அறியாமையிலிருந்து, மூன்றாவதில் குருட்டு யோகத்திலிருந்து. துறைமுகத்தில் நின்று படித்தால் மூன்றும் நேற்று எழுதியவைபோல் இருக்கும்.

அர்த்தசாஸ்திரம் இன்னும் கறார். வாங்குபவர்கள் போட்டி போட்டு ஏற்றிய விலையின் ஏற்றம் சுங்கத்தோடு சேர்ந்து அரசின் கருவூலத்துக்குப் போக வேண்டும் என்கிறது. வணிகருக்கு உள்நாட்டுச் சரக்கில் 5 விழுக்காடும் வெளிநாட்டுச் சரக்கில் 10 விழுக்காடும் லாபம் என்று வரம்பு கட்டுகிறது. இங்கே அறத்தைவிடக் கஜானா மீதுதான் கண் என்று தோன்றுகிறது. வார்கிராஃப்ட் ஏலக்கூடமும் விற்ற விலையில் 5 விழுக்காடு பிடித்துக்கொள்கிறது. ஆட்டத்தில் பொற்காசு பெருகி மதிப்பிழக்காமல் இருக்க இந்தப் பிடித்தம் உதவுகிறது.

ஏலத்தைச் சூதோடு ஒன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு. காரைக்காலுக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள திருநள்ளாறு, சூதில் நாட்டை இழந்த நளனைச் சனி விட்டு நீங்கிய தலம். நள தீர்த்தத்தில் இன்றும் கூட்டம் கூட்டமாகக் குளிக்கிறார்கள். நளனை எதிர்த்து ஆடிய புட்கரன் வென்றது முழுவதும் நளன் தோற்றது. அந்த ஆட்டத்தால் ஒரு படி நெல்கூடத் தேவைப்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மீன் ஏலத்தில் படகுக்காரருக்கு உடனே காசு, கூடைக்காரிக்குக் கூலி, வீட்டுக்காரருக்கு வாசலில் குழம்பு மீன். சூதில் இதற்கு இடமே இல்லை. அடுத்த வாரம் விலை ஏறும் என்று சரக்கை முடக்கிவைப்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அது உணவுப் பண்டமானால் எல்லா மரபுகளும் அவரைக் கடிந்துகொள்கின்றன.

இந்த அளவுகோலால் பார்த்தால் விளையாட்டு ஏலக்கூடம் பெரிய குற்றவாளி அல்ல. விலைப்பட்டியல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. விற்பவரை யாரும் வழிமறிக்கவில்லை, முன்பணக் கட்டும் இல்லை. விலை பார்க்கச் சோம்பிய புது ஆட்டக்காரரிடமிருந்து கொஞ்சம், காத்திருக்க நேரமில்லாதவரிடமிருந்து கொஞ்சம் என லாபம் சேர்கிறது. மொத்தச் சரக்கையும் வளைத்துப்போட்டால்கூட யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. உண்மைப் பணம் உள்ளே வந்தால் கதை மாறும். 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களையே தடை செய்கிறது.

ஆனால் பொய்யோ கடனோ சூதோ இல்லாமலும் ஏலத்தால் ஓர் ஆட்டத்தைக் கெடுக்க முடியும். 2012-இல் வெளிவந்த ‘டயாப்லோ 3’ இரண்டு ஏலக்கூடங்கள் வைத்தது. ஒன்றில் ஆட்டத்துப் பொற்காசு செல்லும், மற்றதில் உண்மைப் பணம். அரக்கனை வீழ்த்தி நல்ல ஆயுதம் தேடுவதுதான் அந்த ஆட்டம். ஏலத்தில் அதைவிட நல்ல ஆயுதம் மலிவாகக் கிடைத்ததால், தேடுவதற்கு அவசியமே இல்லாமல் போனது. ஏலக்கூடம் ஆட்டத்தின் அடிப்படையையே குலைக்கிறது என்று தயாரித்த பிளிஸார்ட் நிறுவனமே சொல்லி, 2014 மார்ச் 18-இல் அதை நிறுத்தியது. உண்மைப் பணம் ஒரு பைசாகூடப் புழங்காத பொற்காசு ஏலமும் அன்றே மூடப்பட்டது.