எல்லையில்லாத் திரை

பள்ளிக்கு அனுப்பாமல், எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டு வளர்ப்பதுதான் அன்ஸ்கூலிங். கொல்லிமலையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பலையா?" என்பார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருக்கும். நியாயமான கோபம்தான். செம்மேட்டைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்கள் பாடுபட்டுப் பெற்றதைக் கீழ்நாட்டிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்கிறோம். பட்டம் வாங்கிய பெற்றோருக்கு மட்டுமே வாய்க்கிற சலுகை இது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்றுதான் சொல்கிறது. பின்னால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்ற தெம்பில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் நாளை ஓட்டுகின்றன.

இப்படி வாழ்பவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் கையில் இருக்கும் செல்போனுக்கு நேரக் கணக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பவர்களின் வாதம் எளிது. எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையிடம் விட்டாயிற்று, எதைப் பார்ப்பது என்பதையும் விடு. தடுத்தால் ஆசை பெருகும், விட்டால் தானே சலிக்கும்.

இதில் உண்மை இருக்கிறது. என் மகன் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டக் கற்றதே மைன்கிராஃப்ட் விளையாட்டில்தான். யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. விளையாடி முடித்து வந்தால், கட்டிய கோட்டையைப் பற்றி எங்கள் காது புளிக்கும்வரை பேசுவான். அதே போனில் ஷார்ட்ஸ் என்னும் குறுவீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுந்தால், என்ன பார்த்தாய் என்ற கேள்விக்கு விழிப்பான். கடிகாரத்தின் கணக்கில் இரண்டும் ஒரு மணி நேரம்தான்.

தானே சலிக்கும் என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது. பலாப்பழக் காலத்தில் பிள்ளையைப் பழத்தோடு விட்டுவிட்டால், பத்துச் சுளைக்கு மேல் வயிறே போதும் என்றுவிடும். போதும் என்ற அந்த இடம் வராதபடி பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டதுதான் ஷார்ட்ஸும் ரீல்ஸும். தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். தங்கள் போட்டியாளர் மனிதர்களின் தூக்கம்தான் என்று 2017-இல் சொன்னவர் நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். அன்ஸ்கூலிங் என்ற பேச்சை எழுபதுகளில் தொடங்கிவைத்த ஜான் ஹோல்ட் 1985-இலேயே காலமாகிவிட்டார். பிள்ளையை நம்பு என்று அவர் சொன்ன காலத்தில், பிள்ளை தொட்ட புத்தகமோ சுத்தியலோ அவனைத் திரும்பிப் பார்த்து, எதைக் காட்டினால் நகராமல் இருப்பான் என்று கணக்குப் போடவில்லை. என் மகனை நான் இன்றும் நம்புகிறேன். அந்தக் கணக்கைப் போடுகிற நிறுவனத்தை நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நேரக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவை. 1999-இல் தில்லி கால்காஜியில் தம் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். சரி. ஆனால் அந்தத் திரை இருந்தது தெருவில், வெயிலில், நாலு பேர் பார்க்க. ஒருவன் தொட, மற்றவர்கள் முண்டியடித்து யோசனை சொல்வார்கள். போர்வைக்குள் தனியாக ஒளிரும் போனுக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

சின்னஞ்சிறு பிள்ளைகள் விஷயத்தில் வழக்கே இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு நேரத்தை அளப்பதைவிட, வருகிற சரக்கைப் பிரிப்பது மேல் என்பது என் முடிவு. இதற்குப் பெற்றோர் கூட இருக்க வேண்டும். மிளகு பறிக்கும் நாட்களில் அது எளிதல்ல. பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டால் தோட்டத்து வேலை ஓடும். சுதந்திரம் என்று நாம் பெயர் வைப்பது சில நாட்களில் நம்முடைய வசதிதான்.

பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளை வளர்க்கும் நண்பர்களே, மணிக் கணக்கைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். முதலில் ஷார்ட்ஸும் ரீல்ஸும் இருக்கும் செயலிகளை வீட்டுப் போன்களிலிருந்து எடுத்துவிடுங்கள், உங்களுடையதும் சேர்த்து. அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். திரை எதுவானாலும் கூடத்தில் இருக்கட்டும்.