சிந்தியதும் மறைத்ததும்

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அமிலமோ பிறிதோர் இரசாயனப் பொருளோ சிந்துதல் வெறும் தொழினுட்ப நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. சிந்தியதை எவ்வாறு அகற்றுவது என்பது இரசாயனவியலின் வினா. அதனை யாருக்கு, எப்பொழுது அறிவிப்பது என்பதோ அறவியலின் வினாவாகும்.

வெப்பமானி ஒன்று உடைகின்றது எனக் கொள்க. அதனுள் இருந்த இரசம் சிறு மணிகளாய்ச் சிதறித் தரையின் வெடிப்புகளிற் புகுகின்றது. அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் இயல்புடையது அது. அவ்வாவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உடைத்த மாணவன் தண்டப்பணத்துக்கு அஞ்சி மௌனமாக வெளியேறுகின்றான். மறுநாட் காலையில் வரும் துப்புரவுத் தொழிலாளி தும்புத்தடியாற் கூட்டுகின்றார். மணிகள் மேலும் நுண்ணியனவாய்ப் பரவ, நச்சாவி மிகுகின்றது. இங்கு குற்றம் யாது? கை தவறியது குற்றமன்று. தான் அறிந்த ஆபத்தை அறியாத ஒருவர்மீது சுமத்தியதே குற்றம். தீமை பயவாமையே வாய்மைக்கு இலக்கணம் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், தீமை பயக்கும் மௌனமும் பொய்யின்பாற்படும்.

பிறரை அலைக்கழியாது தானே துடைத்துவிடுதல் பொறுப்புணர்ச்சியன்றோ என வினவலாம். சிந்தியது சிறிதளவாய், அதன் இயல்பு நன்கு தெரிந்ததாய், தக்க உபகரணமும் பயிற்சியும் உள்ளவிடத்து அது பொருந்தும். ஏனைய வேளைகளில் அருகிலிருப்போரை எச்சரித்து, அனைவரும் வெளியேறி, கதவை மூடி, பொறுப்பானவர்க்கு அறிவித்தலே முறை. உடலிற் பட்ட அமிலத்தை உடனே ஓடும் நீரிற் குறைந்தது 15 நிமிடமேனும் கழுவுதல் வேண்டும். இன்னதென்று அறியாத திரவத்தை அகற்றத் தனித்து முனைவது துணிவன்று; மீட்கப்பட வேண்டியோர் தொகையை ஒன்றால் கூட்டுவதேயாகும்.

வல்லுநர்க்கும் அறிவின் எல்லை முன்கூட்டிப் புலப்படுவதில்லை. அமெரிக்காவின் டாட்மத் கல்லூரிப் பேராசிரியர் கரன் வெற்றர்ஹான் நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர். 1996 ஓகஸ்ட் 14 இல் இருமெதயில் இரசத்தின் ஓரிரு துளிகள் அவரது கையுறைமீது வீழ்ந்தன. அக்காலத்தில் ஏற்கப்பட்டிருந்த பாதுகாப்பு முறைகளை அவர் கைக்கொண்டிருந்தார். மாதங்கள் சில கழிந்த பின்னரே நோய்க்குறிகள் தோன்றின. 1997 யூன் 8 இல் அவர் உயிர்நீத்தார். அவ்வகைக் கையுறையைச் சோதித்தபோது, அத்திரவம் 15 செக்கனுக்குள்ளேயே அதனை ஊடுருவிச் செல்வது தெரியவந்தது. சக ஆய்வாளர் அச்செய்தியை மறைக்காது துறையினர்க்கு அறிவித்தனர். பாதுகாப்பு விதிகளும் திருந்தின. ஒருவருக்கு நேர்ந்த இன்னல் பலருக்குக் காப்பாயிற்று.

எனினும், கடமை சிந்தியவனோடு முடிவதன்று. அறிவித்தவனை முதலிற் கண்டிக்கும் நிறுவனம் அடுத்தவனுக்கு மௌனத்தையே கற்பிக்கின்றது. கையுறை அளிக்காது கூட்டச் சொல்வதும், பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலை மேசையில் விட்டுச் செல்வதும் அம்மௌனத்தின் வேறு வடிவங்களே. அறிவித்தவன் அஞ்சாது நிற்கக்கூடிய ஆய்வுகூடத்திலேதான் கூட்ட வருபவரும் அஞ்சாது நுழைய முடியும்.