திருட்டுப் படமும் நம் மனச்சான்றும்

2005-ஆம் ஆண்டு, வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் சென்ற பேருந்தில் நாமும் இருந்தோம். செபமாலை முடிந்த சிறிது நேரத்தில், அவ்வாரந்தான் திரையரங்குகளுக்கு வந்திருந்த படமொன்று பேருந்தின் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடத் தொடங்கிற்று. அரங்கில் இருந்தோரின் தலைகள் திரையின் குறுக்கே எழுந்து மறைந்தன. எங்கோ ஒரு குழந்தை அழுதது. "திருட்டு வி.சி.டி.யா தம்பி?" என்றார் பெரியவர் ஒருவர். "ஆமாங்க ஐயா, நல்ல பிரிண்ட் கிடைக்கவில்லை" என்று வருத்தத்தோடு விடை வந்தது. பெரியவர் கேட்டது அதுவன்று. ஆயினும் அவரும் பார்த்தார், நாமும் பார்த்தோம்.

திருட்டு நகை என்று சொல்லி ஒருவன் விற்க வந்தால் கதவைச் சாத்துவோம். திருட்டுப் படம் என்றால், "தெளிவாக இருக்கிறதா?" என்கிறோம். பெயரிலேயே குற்றத்தை வைத்துக்கொண்டு நாணமின்றி வழங்கும் சொல் தமிழில் இதுபோல் வேறு உண்டா என்று தெரியவில்லை.

படி எடுத்தால் மூலப்படம் குறைவதில்லையே என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. விளக்குத் தூக்கியவரும் ஒப்பனை செய்தவரும் பெரும்பாலும் படம் வெளிவருமுன்னரே கூலி பெற்றுவிடுகின்றனர். அடி முதலில் விழுவது, வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவர் மீது. அவர் அடுத்த படத்தைத் தொடங்காதபோது, அந்த வேலைக்கு அழைக்கப்படாமல் வீட்டிலிருக்கும் தொழிலாளியை நாம் ஒருபோதும் காணப்போவதில்லை. கூலி மறுக்கப்பட்டோரின் கூக்குரலைப் பற்றி யாக்கோபு திருமுகம் பேசுகிறது. இங்கோ கூக்குரலே நம் செவிக்கு எட்டுவதில்லை; அதனாலேயே மனச்சான்று நன்றாக உறங்குகிறது.

2004-இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வி.சி.டி. தொழில் செய்வோரையும் சேர்த்தது. 2023-இல் திருத்தப்பட்ட நடுவண் அரசின் திரைப்படச் சட்டம், திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கிறது. வி.சி.டி. போய்க் கைப்பேசி வந்துவிட்டது. தன் அறையில் தனித்திருந்து பார்ப்பவனைத் தேடிச் சட்டம் வருவது அரிது. அவன் முன் எஞ்சியிருப்பது அவன் மனச்சான்று மட்டுமே.

நால்வர் கொண்ட குடும்பம் நகரத்து அரங்குக்குப் போய்வர ஆகும் செலவை நாம் அறியாதவரல்லர். கடும் பசியில் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். ஆனால் புதுப்படம் பசியன்று. சில வாரங்களில் அது சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் தளங்களுக்கு வருகிறது. பின்னர் பண்டிகை நாளொன்றில் தொலைக்காட்சிக்கே வந்துவிடுகிறது. ஆக, பெரும்பாலான வேளைகளில் நம்மைத் தூண்டுவது வறுமையன்று, காத்திருக்க மனமின்மை. எந்த நேர்வழியிலும் கிடைக்காத பழம்படங்களின் செய்தி வேறு. அங்கே நம்மால் இத்துணை உறுதியாகப் பேச இயலவில்லை.

பேருந்தில் பார்த்த படம் பின்னொரு பொங்கலன்று தொலைக்காட்சியில் வந்தது. இறுதிக் காட்சியில் நாயகியின் கையில் ஒரு கடிதம் இருந்ததை அன்றுதான் கண்டோம். பேருந்தில் அவ்விடத்தை யாரோ ஒருவரின் தலை மறைத்திருந்தது.