குழிக்குப் போகும் சோறு வீண்விரயமா?

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற, எஜமானுக்கு 300 பேரீச்சங் கன்றுகள் நட்டுத் தரவேண்டியிருந்தது. தோழர்கள் கன்றுகளைக் கொடுத்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் குழி தோண்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே நட்டார்கள். இதைப் பல ஆண்டுகள் மிம்பரில் சொல்லி வந்த எனக்கு, ஒரு கத்தரி நாற்றை ஒழுங்காக நடத் தெரியாது.

சென்ற ஷவ்வாலில் எங்கள் மதரஸாக் கொல்லையில், வெள்ளிதோறும் அஸருக்குப் பின் ஒரு பயிற்சி தொடங்கினோம். நாற்று நடுவது, காய்கறித் தோலை எருவாக்குவது, மீந்த சோற்றில் வடகம் பிழிவது. கற்பித்தவர் ஒரு முதிய தோட்டக்காரர். ஓதிக்கொடுக்கும் நாங்கள் அங்கே மாணவர்கள்!

மூன்றாம் வாரம், ஒரு வலீமாவில் சஹன்களில் மிஞ்சிய நெய்ச்சோறு இரண்டு அண்டா வந்து சேர்ந்தது. குழி நிரம்புகிறதே என்று, உண்மையைச் சொன்னால், நானும் மகிழ்ந்தேன். ஒரு பையன் கேட்டான்: "ஹஜரத், எருவாகத்தானே போகுது. அப்ப இது இஸ்ராப் இல்லைதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்வது தடுக்கப்பட்டதே என்பதில் உலமாக்கள் ஒருமித்திருப்பதாக, ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். கடலோரத்தில் சிந்தும் நீர் எங்கே போகிறது? கடலுக்கே. ஒரு துளியும் குறைவதில்லை. ஆயினும் தடை நிற்கிறது. ஆகவே, பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்து மட்டும் இஸ்ராப் தீர்மானிக்கப்படுவதில்லை. தேவைக்கு மேல் அள்ளிய கையிலேயே அது தொடங்கிவிடுகிறது. எங்கள் பள்ளியின் ஒளுத் தண்ணீர் வாழைக்குப் பாய்கிறது. அதற்காகக் குழாயை முழுக்கத் திறந்துவிடலாமா?

கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்ன நாயகத்தின் உம்மத்து நாம். வெங்காயத் தோல் மண்ணுக்குரியது. நெய்ச்சோறு முதலில் பசித்தவருக்கு, பிறகு கோழிக்கு. அதற்கும் ஆகாததுதான் குழிக்கு. அந்த அண்டாக்களில் கைபடாத சோறும் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அடுத்த வாரமுதல், குழியில் போடும் முன் சோற்றைப் படியால் அளந்து போடச் சொன்னோம். அளப்பவர்களே கூச்சப்பட்டார்கள். இப்போது குழி பாதிகூட நிரம்புவதில்லை. "எருவுக்கு எங்கே போவது, ஆலிம்சா?" என்று தோட்டக்காரர் குறைபடுகிறார். தெருவில் உதிரும் வேப்பிலையைக் கூட்டிவரப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம்.